எழுத்தில் பேசிய வகுப்புகள்

நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் கல்லூரி வகுப்பு ஒன்றை நினைத்துப் பாருங்கள். புரொபஸர் பாடத்தை முடிக்கிறார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொண்டே, "யாருக்காவது ஏதாவது சந்தேகம் உண்டா?" என்று கேட்கிறார். அதுவரை வாசலில் காத்திருந்த நிசப்தம் அப்போதுதான் உள்ளே வந்து உட்காருகிறது. முன் பெஞ்சியில் நாலு பேர் இருப்பார்கள். வருஷம் முழுவதும் அந்த நாலு பேர்தான் கேள்வி கேட்பார்கள்; பதிலும் அவர்களே சொல்வார்கள். பாக்கி முப்பத்தாறு பேரும் பெஞ்சியின் மரத்தில் ஏதோ சிலாசாஸனம் வெட்டியிருப்பதுபோல் குனிந்து பார்த்துக் கொண்டிருப்பார்கள். "சரி, எல்லோருக்கும் விளங்கிவிட்டது" என்று புரொபஸர் கிளம்பிவிடுவார். விளங்கவில்லை என்பது அவருக்கும் தெரியும்; அந்த முப்பத்தாறு பேருக்கும் தெரியும்.

அந்த முப்பத்தாறு பேரையும் மந்த புத்திக்காரர்கள் என்று தள்ளிவிட நான் ஒப்ப மாட்டேன். கதை எழுதுகிற தொழிலில் நான் கண்ட விஷயம் ஒன்று உண்டு. என்னைப் பார்க்க வரும் வாசகர்களில் சிலர், கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, மூன்று வார்த்தைக்கு மேல் பேசாமல் கும்பிட்டு விடைபெற்றுக் கொள்வார்கள். நாலாம் நாள் அவர்களிடமிருந்து எட்டுப் பக்கக் கடிதம் வரும். பதினேழாவது அத்தியாயத்தில் கதாநாயகி ஏன் அப்படி நடந்து கொண்டாள் என்று, எழுதியவனையே திக்குமுக்காட வைக்கும் கேள்விகள் அதில் இருக்கும். வாய்க்கு வராதது கைக்கு வருகிறது. மனிதர்களில் கணிசமான பேர் இப்படிப்பட்டவர்கள்தான்.

இந்தச் சின்ன உண்மையைக் கல்லூரிகள் எப்போது கண்டுகொண்டன, கண்டுகொண்ட பிறகு அதை வைத்துக் கொண்டு என்ன செய்தன என்பது ருசிகரமான சரித்திரம். அதில் பெரும் பகுதி அமெரிக்காவில் நடந்தது. நேயர்களை அங்குள்ள மூன்று கல்லூரிகளுக்கு அழைத்துப் போகிறேன்.

முதலாவது, ஹார்வர்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெகு காலம் வரை அமெரிக்கக் கல்லூரிகளில் பாடம் நடந்த முறைக்கு 'ஒப்புவித்தல்' என்று பெயர் சொல்லலாம். குறிப்பிட்ட பக்கங்களை மாணவன் படித்துவிட்டு வர வேண்டும். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்று, கேட்டதற்கு ஒப்புவிக்க வேண்டும். ஆசிரியர் மார்க்குப் போடுவார். வகுப்பில் சத்தம் கேட்டது என்னமோ வாஸ்தவம். அது புத்தகத்தின் குரல். மாணவனின் குரல் அதில் இல்லை.

1869-ல் சார்லஸ் எலியட் என்பவர் ஹார்வர்டின் தலைவரானார். 1909 வரையில் நாற்பது வருஷம் அந்தப் பதவியில் இருந்தார். மாணவர்கள் தங்களுக்கு வேண்டிய பாடங்களைத் தாங்களே பொறுக்கிக் கொள்ளலாம் என்ற ஏற்பாட்டை அவர் வெகுவாக விரிவாக்கினார். கல்லூரி வளர்ந்தது, வகுப்புகள் பெருத்தன. ஒப்புவித்தல் குறைந்து பிரசங்கம் ஓங்கிற்று. புரொபஸர் மேடையில் நின்று பேசுவார். மாணவன் கீழே உட்கார்ந்து குறிப்பெடுப்பான். புத்தகத்தின் குரலாவது முன்பு அவன் வாய் வழியாக வந்து கொண்டிருந்தது. இப்போது அதுவும் நின்று போயிற்று.

இந்தச் சமயத்தில் அங்கே பாரெட் வெண்டெல் என்ற ஆங்கில ஆசிரியர் இருந்தார். அவரும் ஒரு நாவலாசிரியர்தான். 1885-ல் ஒன்றும் 1887-ல் ஒன்றுமாக இரண்டு நாவல்கள் வெளியிட்டார். இன்று அவற்றைத் தேடிப் படிப்பவர்கள் அபூர்வம். (என் தொழிலில் இருப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே படிக்கலாம்.) அவருடைய பெயர் நிலைத்தது வேறொரு காரியத்தினால். 1880-களின் நடுவில், 'ஆங்கிலம் 12' என்ற தமது வகுப்பு மாணவர்கள் நாள்தோறும் ஒரு சிறு கட்டுரை எழுதித் தர வேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்தார். பெரிய மனிதர் சரித்திரமோ, 'ஒழுக்கத்தின் மேன்மை'யோ எழுத வேண்டாம். அன்றைக்குக் கண்ணில் பட்டது, காதில் விழுந்தது, மனத்தில் தைத்தது, ஏதாவது ஒன்று போதும். இன்றைய நாளை நேற்றைய நாளிலிருந்து பிரித்துக் காட்டும் ஒரு சின்ன விஷயம் கிடைத்தால் அதை எழுதலாம். 'தினக் கட்டுரை' என்று இதற்குப் பெயர் ஏற்பட்டது. மாணவனின் கண்ணும் காதும் கல்லூரிக்குள் நுழைவதற்கு அதுவரை அனுமதிச் சீட்டு இல்லை. வெண்டெல் அதைக் கொடுத்தார்.

1890-ம் வருஷம் இலையுதிர் காலத்தில் அந்த வகுப்பில் 22 வயதுக் கறுப்பு இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸ். தெற்கே நாஷ்வில் நகரில், கறுப்பர்களுக்காக ஏற்பட்ட ஃபிஸ்க் கல்லூரியில் பட்டம் வாங்கிக் கொண்டு 1888-ல் ஹார்வர்டுக்கு வந்தவர். அந்தப் பட்டத்தை முழுதாக ஒப்புக் கொள்ளாமல் ஹார்வர்டு அவரை மூன்றாம் வருஷ வகுப்பில்தான் சேர்த்துக் கொண்டது. கல்லூரியின் பாட்டுக் கோஷ்டியில் சேரப் போனார்; சேர்த்துக் கொள்ளவில்லை. வெளியே ஓர் அறை எடுத்துக் கொண்டு, ஆசிரியர்களையும் புத்தகசாலையையும் தவிர அங்கே தமக்கு வேறொன்றும் வேண்டாம் என்று ஒதுங்கியே இருந்தார்.

ஹார்வர்டில் அவர் எழுதிய முதல் ஆங்கிலக் கட்டுரையின் கதி சுவாரஸ்யமானது. கறுப்பர்களை இழித்து ஒரு செனட்டர் பத்திரிகையில் எழுதியிருந்தார். இளைஞருக்கு ரத்தம் கொதித்தது. வீட்டுப் பாடத்தையே போர்க்களமாக்கி நீளமாகச் சண்டை போட்டு எழுதிக் கொடுத்தார். தேறவில்லை என்று திரும்பி வந்தது. படிப்பில் அவர் கண்ட முதல் தோல்வி அது. கோபித்துக் கொண்டு ஒதுங்கியிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவரோ, மனத்தில் உள்ள நெருப்பு மட்டும் போதாது, அதை ஏந்த நல்ல பாத்திரமும் வேண்டும் என்று கண்டு, வெண்டெலின் வகுப்பைத் தேடிப் போனார்.

அங்கே போய் எழுதிய ஒரு கட்டுரையில், தாம் ஏன் அந்த வகுப்பை எடுத்துக் கொண்டார் என்பதைச் சொன்னார். உலகத்துக்குச் சொல்வதற்குத் தம்மிடம் ஒரு சேதி இருப்பதாகத் தாம் நம்புவதாகவும், அதை நன்றாகச் சொல்லப் பழகவே அங்கு வந்திருப்பதாகவும் அதன் கருத்து. வெண்டெலுக்கு அது பிடித்துவிட்டது. வந்து குவிந்த கட்டுரைகளில் அதைப் பொறுக்கி எடுத்து வகுப்பு முழுவதற்கும் உரக்கப் படித்துக் காட்டினார்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். பாட்டுக் கோஷ்டியில் இடம் கொடாத அதே கல்லூரியில், எழுந்து நின்று, "உலகத்துக்குச் சொல்ல என்னிடம் சேதி இருக்கிறது" என்று வாயால் சொல்ல யாருக்குத் துணிவு வரும்? சொன்னால்தான் யார் சிரிக்காமல் இருப்பார்கள்? காகிதத்தில் அதைச் சொல்ல முடிந்தது. ஆனால் சொன்னது பாதிக் காரியந்தான். அந்தக் காகிதம் ஆசிரியரின் மேஜைக் கட்டிலேயே கிடந்து மக்கியிருந்தால் வகுப்புக்கு ஒரு லாபமும் இல்லை. எழுதியது திரும்ப வகுப்புக்கு வந்தது; எல்லோர் காதிலும் விழுந்தது. வாய் திறவாத மாணவன் அன்று வகுப்பில் பேசிவிட்டான்! மாணவர்களை எழுதச் சொல்லும் முறையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். பிற்பாடு இந்த முறை ஜயித்த இடங்களையும் தோற்ற இடங்களையும் பார்த்தால் இது ஒன்றே காரணமாகத் தோன்றுகிறது.

தோற்ற கதையும் உண்டு. தினக் கட்டுரையின் புகழ் பரவிற்று. யேல் சர்வகலாசாலையில் 1907-ல் இதே பெயரில் ஒரு வகுப்பு ஆரம்பமாகி நூறு வருஷத்துக்கு மேல் நடந்து வந்திருக்கிறது. ஆனால் சிறு கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். நூறு மாணவர்கள், வாரம் ஆறு நாள், நாளுக்கு ஒரு பக்கம்: வாரத்துக்கு 600 பக்கம். பக்கத்துக்கு இரண்டு நிமிஷம் என்றாலும் 20 மணி நேரம். எந்த ஆசிரியர் தாங்குவார்? நாளாக ஆகப் பல கல்லூரிகளில் படிப்பது போய்த் திருத்துவது மட்டும் மிஞ்சிற்று. சிவப்பு மசியால் கமாவைச் சுழிப்பார்கள். எழுத்துப் பிழைக்குக் கோடு போடுவார்கள். "என் தகப்பனார் போன வாரம் காலமானார்" என்று ஒரு மாணவன் எழுதினால் அதிலும் வினைமுற்றுச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் நிலைமை வந்தது. தன் எழுத்தில் பிழை மட்டுமே தேடப்படுகிறது என்று தெரிந்த மாணவன் என்ன செய்வான்? பிழை வராத விஷயமாகப் பார்த்து எழுதுவான். அதாவது, ஒன்றுமே எழுத மாட்டான்.

இந்த நோய்க்கு மருந்து கண்டவர் ஒரு கல்லூரிப் புரொபஸர் அல்லர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் சொல்லிய ஓர் ஆசிரியை. லெஸ்லி ரீட் என்று பெயர். அவர் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் ஒரு நோட்டில் அவருக்குச் சில வரிகள் எழுதுவார்கள். 'கணக்குப் புரியவில்லை', 'அவன் என்னைத் தள்ளிவிட்டான்', எதுவாக இருந்தாலும் சரி. ரீட் அம்மாள் அதைத் திருத்த மாட்டார், பதில் எழுதுவார். மறுநாள் காலையில் நோட்டைத் திறந்தால் பதில் இருக்கும். பிள்ளை தப்பாக எழுதிய சொல், அவர் பதிலில் சரியான உருவத்தில் வந்திருக்கும். அவ்வளவுதான் இலக்கணப் போதனை. 1970-களின் கடைசியில் ஜானா ஸ்டேட்டன் என்ற ஆராய்ச்சியாளர் இந்த நோட்டுகளைப் பரிசீலித்து எழுதிய பிறகு, 'சம்பாஷணை நோட்டு' என்று இந்த முறை ஆசிரியர் உலகில் பிரசித்தி அடைந்தது. அது போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்றுதான் நாம் பார்க்க வேண்டிய இரண்டாவது கல்லூரி.

வாஷிங்டனில் உள்ள காலடெட் கல்லூரி, செவிப்புலன் இல்லாத மாணவர்களுக்காக ஏற்பட்டது. அது பட்டம் வழங்குவதற்கான சட்டத்தில் 1864-ல், உள்நாட்டு யுத்தத்தின் நடுவே, ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய செவிடர் கல்வி மகாநாடு, கைச் சைகையைத் தள்ளிவிட்டு உதட்டசைவையும் வாய்ப் பேச்சையுமே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதன் விளைவாகப் பல தேசங்களின் பள்ளிகளில் சைகை துரத்தப்பட்டது. காலடெட்டில் அது பிழைத்துக் கிடந்தது. 1960-ல் அங்கே ஆங்கிலம் கற்பித்த வில்லியம் ஸ்டோகி, அந்தச் சைகை வெறும் கையசைப்பு அல்ல, தனக்கென்று இலக்கணம் உள்ள முழு மொழி என்று ஆராய்ந்து எழுதினார். ஆரம்பத்தில் சக ஆசிரியர்களே நம்பவில்லை.

ஆக, அந்த மாணவர்களுக்குப் பேச்சு இல்லாமல் இல்லை. அவர்கள் கைகள் பேசின. இடைஞ்சல் ஆங்கிலத்தில்தான். அது அவர்களுக்குப் புத்தகத்திலும் பரீட்சைத் தாளிலும் மட்டுமே கண்ட பாஷை. அதில் அவர்கள் சண்டை போட்டதில்லை, கேலி செய்ததில்லை, வம்பளந்ததில்லை. வம்பளக்காத பாஷை எப்படி நாவில் படியும்?

ட்ரென்ட் பாட்ஸன் என்ற ஆங்கில ஆசிரியர் 1985-ல் இதற்கு ஒரு வழி செய்தார். ஒரு வகுப்பறையில் இருந்த கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று கம்பியால் இணைத்தார். ஒருவர் எழுதி அனுப்பியது அவர் பெயரோடு அத்தனை பேர் திரையிலும் தோன்றும். மற்றவர் பதில் அதன் கீழே வந்து சேரும். ஆசிரியரும் அவர்களில் ஒருவராக உட்கார்ந்து எழுதுவார். பாடம் முழுவதும் எழுத்திலேயே நடக்கும். இன்றைக்குக் கைப்பேசியில் குழந்தைகள்கூடச் செய்யும் காரியந்தான். அன்றைக்கு அது புதுமை. செவி இல்லாத மாணவர்கள் வாழ்வில் முதல் தடவையாக வகுப்பில் ஆங்கிலத்தில் குறுக்கே பேசினார்கள், மறுத்தார்கள், கிண்டல் செய்தார்கள்.

இதைக் கேள்விப்பட்டு, காது நன்றாகக் கேட்கும் மாணவர்கள் படித்த வேறு சில கல்லூரிகளும் சேர்ந்து பரீட்சை செய்து பார்த்தன. அப்போதுதான் வேடிக்கை வெளியாயிற்று. காது கேட்பவர்கள் வகுப்பிலும் ஊமைகள் இருந்தார்கள்! வருஷம் முழுவதும் பேசாதவர்கள் திரையிலே எழுத ஆரம்பித்தார்கள். ஆசிரியரின் குரல் பல குரல்களில் ஒன்றாகிவிட்டது. எல்லாம் சுபமாகவே நடந்தது என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. ஒரு கல்லூரியில் ஆசிரியர் கடிவாளத்தைத் தளர்த்தியதும், பிள்ளைகள் வசை மொழிகளாக எழுதித் திரையை நிரப்பி விட்டார்கள். வெகு காலம் அடைத்து வைத்த கதவைத் திறந்தால் முதலில் வருவது நல்ல காற்று என்று சொல்ல முடியாது.

காலடெட்டைப் பற்றி இன்னொரு செய்தி. 1988 மார்ச்சில், கல்லூரியின் நிர்வாக சபை காது கேட்கும் ஒருவரையே மறுபடியும் தலைவராக நியமித்தது. அது ஏற்பட்டு 124 வருஷமாகியும் காது கேளாதவர் ஒருவர்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. மாணவர்கள் வாயிற் கதவுகளை அடைத்தார்கள், ஊர்வலம் போனார்கள். ஒரே வாரத்தில் நிர்வாக சபை பணிந்தது. இளமையில் செவிப்புலனை இழந்தவரான ஐ. கிங் ஜார்டன் தலைவரானார். கம்ப்யூட்டர் வகுப்பினால்தான் இது நடந்தது என்று நான் முடிச்சுப் போடவில்லை. வகுப்பில் மாணவன் பேசுவது என்பது வெறும் மார்க்கு விவகாரம் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன். தன்னைப் பற்றித் தீர்மானம் செய்யும் இடத்தில் தன் குரலும் கேட்க வேண்டும் என்ற ஆசையின் சின்ன உருவந்தான் வகுப்பில் கை தூக்குவது.

மூன்றாவது கல்லூரி இண்டியானாபொலிஸ் நகரத்தில் இருந்தது. இண்டியானா, பர்டூ என்ற இரண்டு சர்வகலாசாலைகள் சேர்ந்து நடத்தியது. மாணவர்களில் பலர் வேலை பார்த்துக் கொண்டே படித்தவர்கள். கார் ஓட்டிக் கொண்டு வகுப்புக்கு வந்து, முடிந்ததும் பறந்து போகிறவர்கள். மரத்தடியில் உட்கார்ந்து சந்தேகம் தீர்த்துக் கொள்ள அவர்களுக்கு அவகாசம் ஏது? அங்கே பௌதிகம் கற்பித்த கிரெகர் நோவக்கும் ஆண்ட்ரூ காவ்ரினும், கொலராடோவில் உள்ள விமானப்படைக் கல்லூரியின் ஈவ்லின் பாட்டர்ஸனும் சேர்ந்து 1990-களில் ஒரு முறையை வகுத்தார்கள். 1999-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார்கள். வகுப்புக்குச் சில மணி நேரம் முன்பாக, இணையத்தில் வைத்த இரண்டு மூன்று கேள்விகளுக்கு மாணவர்கள் சொந்த வார்த்தையில் பதில் எழுத வேண்டும். சரியா தப்பா என்பது முக்கியமல்ல. யோசித்து எழுதினால் போதும். ஆசிரியர் வகுப்புக்குக் கிளம்புமுன் அவற்றைப் படிப்பார். எங்கே குழப்பம் என்று பார்த்துக் கொள்வார். வகுப்பில், எழுதியவர் பெயரைச் சொல்லாமல் நாலைந்து பதில்களைக் காட்டி, அங்கிருந்தே பாடத்தைத் தொடங்குவார்.

இதில் எவ்வளவு நுட்பம் இருக்கிறது, பாருங்கள். தப்பாக எழுதியவனுக்கு வெட்கம் இல்லை, பெயர் தெரியாது. அதே சமயம் தன் சந்தேகந்தான் அன்றைய பாடம் என்பது அவனுக்குத் தெரியும். பக்கத்துப் பெஞ்சிக்காரனுக்கும் அதே சந்தேகம் என்பதும் தெரிந்துவிடும். பிறகு வாய் திறப்பது அவ்வளவு கஷ்டமாக இராது. தைரியம் என்பது பெரும்பாலும் துணை கிடைத்த பிறகு வருவதுதானே? வீட்டிலிருந்து வரும் மாணவனுக்கும், மிடுக்காக சல்யூட் அடிக்கும் விமானப்படை மாணவனுக்கும் ஒரே முறை பொருந்திற்று என்றால் அதன் காரணம் இதுதான்.

அதே 1999-ல், யார் வேண்டுமானாலும் இணையத்தில் நாட்குறிப்பு எழுதலாம் என்ற வசதி பொது ஜனங்களுக்கு எளிதாகக் கிடைத்தது. கல்லூரி ஆசிரியர்கள் பலர் மாணவர்களை அங்கே குறிப்பு எழுதச் சொன்னார்கள். எழுதியதை வகுப்பில் எடுத்துப் பேசிய ஆசிரியரிடத்தில் அது தழைத்தது. "வாரம் ஒரு குறிப்பு, ஐந்து மார்க்கு" என்று சொல்லிவிட்டு எட்டிப் பார்க்காத ஆசிரியரிடத்தில், ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவுக்குப் பத்து நிமிஷம் முன்பு எழுதப்படும் வியாசமாக முடிந்தது. காகிதமாக இருந்தால் என்ன, கம்ப்யூட்டராக இருந்தால் என்ன? படிப்பார் இல்லாத எழுத்து பாழ் வீட்டு விளக்கு.

இப்போது புதிய சங்கடம் ஒன்று வந்திருக்கிறது. 2022 நவம்பர் 30-ம் தேதி சாட்ஜிபிடி என்ற யந்திரம் வெளியுலகத்துக்கு வந்தது. கேட்ட நிமிஷத்தில் அது மாணவனுக்குப் பதிலாக நாட்குறிப்பு எழுதித் தரும். மனம் வருந்தச் சொன்னால் வருந்தும். சந்தேகப்படச் சொன்னால் சந்தேகப்படும். பயந்து போன கல்லூரிகளில் சில, வகுப்பிலேயே பேனாவால் எழுத வைக்கும் பழைய வழக்கத்துக்குத் திரும்பியிருக்கின்றன. அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் யந்திரம் எழுதியதைக் கண்டுபிடிப்பது ஒன்றே வேலை என்று ஆசிரியர் கிளம்பினால், பழைய சிவப்பு மசிக் கதைதான் மீண்டும் வரும். பிழை தேடிய இடத்தில் திருட்டைத் தேடுவார்கள். எழுதியவனைத் தேட மாட்டார்கள். நாளைக் காலை வகுப்பில், "நேற்று நீ இப்படி எழுதியிருக்கிறாயே, அப்பா, அது ஏன்?" என்று ஆசிரியர் பிரியமாகக் கேட்பார் என்று தெரிந்தால், யந்திரத்திடம் போகிற மாணவன் ஒரு தடவைக்கு இரு தடவை யோசிப்பான். அந்தக் கேள்விக்கு அவன்தானே எழுந்து பதில் சொல்ல வேண்டும்?

டூ பாய்ஸ் 1895-ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கே அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் அவர்தான். அதன் பிறகு எத்தனையோ புத்தகங்கள் எழுதினார், இயக்கம் கட்டினார், சிறைக்குப் போகும்படியான வழக்கையும் கண்டார், கடைசியில் ஆப்பிரிக்காவில் கானா தேசம் சென்று, 1963-ல் தமது 95-ம் வயதில் காலமானார். தொண்ணூறு வயதை ஒட்டி அவர் எழுதிய சுயசரிதையில் நினைவு வைத்துக் கொள்ள விஷயங்களுக்குப் பஞ்சமே இல்லை. அவ்வளவுக்கும் நடுவில் ஒரு சிறு செய்தியையும் அவர் விடாமல் எழுதியிருக்கிறார்: அன்று வகுப்பில் வெண்டெல், தமது கட்டுரையை எடுத்துப் படித்துக் காட்டினார் என்று.